மலையகப் பிள்ளை சிறை அத்தியட்சகராவது எப்போது?

அரச சேவைக்கு 30,000 பேரைச் சேர்க்கப் போவதாக 2025 வரவு செலவுத் திட்டத்தில் ஜனாதிபதி அறிவித்த நாளிலிருந்து, கந்தப்பளை நகரத்தில் போட்டோ கொப்பி எடுக்கும் கடைகளில் ஒரே கேள்விதான்: "நம்ம எதுக்குப் போடலாம்?" ஆசிரியர், கிராம உத்தியோகத்தர், முகாமைத்துவ உதவியாளர், பொலிஸ் என்று பேச்சு சுற்றிச் சுற்றி வருகிறது. சிறைச்சாலைகள் திணைக்களத்தின் பெயரை யாராவது எடுத்தால், "ஜெயில் கார்ட் வேலையா?" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்தக் காவலர் வேலைக்கு மேலே சார்ஜன்ட், ஜெயிலர், பிரதான ஜெயிலர், அத்தியட்சகர் என்று நீளும் படிகளை நம் பிள்ளைகள் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணிப் பார்க்கும்படி நாமும் சொல்லிக்கொடுக்கவில்லை.

சிறைச்சாலைகள் இப்போது செய்திகளில் அடிபடுவது வேறு காரணங்களுக்காக. 2025 வெசாக் பொதுமன்னிப்பின்போது, பட்டியலில் பெயர் இல்லாத ஒரு கைதி அநுராதபுரம் சிறையிலிருந்து வெளியே அனுப்பப்பட்டார். அந்த விவகாரத்தில் ஜூன் மாதம் சிறைச்சாலைகள் ஆணையாளர் நாயகமே கைது செய்யப்பட்டார். யார் மீது தவறு என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். ஒரு பெயர்ப் பட்டியலைச் சரிபார்த்துக் கையெழுத்திடும் வேலை எவ்வளவு பெரியது என்பதை மட்டும் நாடு முழுவதும் பார்த்தது.

அதோடு நெரிசல். நம் சிறைகளில் அவற்றின் கொள்ளளவைப் போல் இரண்டு மடங்குக்கும் அதிகமானோர் அடைபட்டிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலானோர் தண்டனை பெற்றவர்கள் அல்லர். வழக்கு முடியட்டும் என்று விளக்கமறியலில் காத்திருப்பவர்கள். தண்டனை பெற்று உள்ளே போகிறவர்களிலும் பெரும் பங்கினர் தண்டப்பணம் கட்ட வழியில்லாதவர்கள். கசிப்பு வழக்கில் பிடிபட்டு, காசு கட்ட முடியாமல் உள்ளே இருந்துவிட்டு வந்த தகப்பன்மாரை நம் லயங்கள் நன்றாக அறியும்.

இத்தனை பேரை அன்றாடம் நடத்திச் செல்வது கொழும்பு பேஸ்லைன் வீதியில் இருக்கும் தலைமையகம் அல்ல. அந்தந்தச் சிறையில் ஒவ்வொரு கடமை முறைக்கும் பொறுப்பாக நிற்கும் சார்ஜன்டும் ஜெயிலரும்தான்.

எண்ணுகிறவரின் பொறுப்பு

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இந்த வேலையை விளக்குவது சிரமமில்லை. காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்களை எண்ணி, யார் எந்த மலைக்கு என்று பிரித்து அனுப்புகிறார் கங்காணி. யாருக்குப் பேர் (முழு நாட்சம்பளம்), யாருக்கு அரைப் பேர் என்பது கணக்கப்பிள்ளையின் பேனாவில் இருக்கிறது. அந்தப் பேனா நேர்மையாக இருந்தால் வீட்டில் அடுப்பு எரியும். இல்லையென்றால் அன்றைய உழைப்பு வீண். நான்கைந்து தலைமுறையாக நாம் மேற்பார்வைக்குக் கீழே வாழ்ந்தவர்கள். நல்ல மேற்பார்வை எது, கெட்டது எது என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

சிறையிலும் நாள் எண்ணிக்கையில்தான் தொடங்குகிறது. காலையில் கதவைத் திறக்கும்போதும் மாலையில் பூட்டும்போதும் தலை எண்ண வேண்டும். நீதிமன்றத்துக்குப் போகிறவர், பிணை கிடைத்தவர், ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியவர், பார்க்க வந்திருக்கும் உறவினர் என்று ஒவ்வொன்றுக்கும் பதிவேடு உண்டு. காவலருக்குக் கீழே கைதிகள். மேற்பார்வையாளருக்குக் கீழே கைதிகளும் காவலர்களும். ஒரு காவலர் கை ஓங்கும்போது தடுக்க வேண்டியவர் அவர். ஒரு காவலர் வெளியிலிருந்து கைபேசியைக் கடத்தி வரும்போது கண்டுபிடிக்க வேண்டியவரும் அவர்தான்.

2020 நவம்பர் 29ஆம் திகதி மஹர சிறையில் கலவரம் வெடித்து 11 கைதிகள் இறந்தார்கள். கொரோனா உள்ளே பரவுகிறது என்ற பயம், நெரிசல், கோபம் எல்லாம் சேர்ந்து வெடித்தது அது. இப்படியான நாளில் துப்பாக்கி பேசத் தொடங்குவதற்கு முன்னால், வார்ட்டுக்குள் போய் நின்று, கைதிகள் நம்பும்படி நாலு வார்த்தை சொல்லக்கூடிய அதிகாரி இருக்கிறாரா என்பதுதான் முக்கியம். அப்படி ஒருவரை ஒரே நாளில் உருவாக்க முடியாது. பல வருட அனுபவமும் முறையான பயிற்சியும் கைதியின் மொழியும் சேர்ந்துதான் அவரை உருவாக்கும்.

ஏன் நம் கண்ணில் படவில்லை

இதற்கு வரலாறு இருக்கிறது. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட சமூகத்துக்கு அரச உத்தியோகம் என்ற கதவே மூடியிருந்தது. 1988இலும் 2003இலும் வந்த சட்டங்களோடுதான் குடியுரிமைப் பிரச்சினை ஒரு முடிவுக்கு வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றதே 1970களில்தான். கதவு திறந்தபோது முதலில் தெரிந்தது ஆசிரியர் தொழில். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி வழியாக எத்தனையோ லயத்துப் பிள்ளைகள் ஆசிரியர்களானார்கள். அது பெரிய சாதனை. ஆனால் அந்த ஒரு பாதையையே இன்றுவரை ஒரே பாதையாக நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

சிறை என்ற சொல்லே நம் வீடுகளில் பயத்தைக் கிளப்பும் என்பதையும் மறைக்கத் தேவையில்லை. 1983 ஜூலை 25, 27ஆம் திகதிகளில் வெலிக்கடைச் சிறைக்குள் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் மலையக இளைஞர்களும் வருடக்கணக்கில் உள்ளே இருந்திருக்கிறார்கள். 2021 செப்டம்பரில், சிறைச்சாலைகளுக்குப் பொறுப்பான இராஜாங்க அமைச்சரே அநுராதபுரம் சிறைக்குத் துப்பாக்கியுடன் போய்த் தமிழ்க் கைதிகளை அச்சுறுத்தியதாகக் குற்றச்சாட்டு எழுந்து, அவர் அந்தப் பொறுப்பிலிருந்து விலகினார். இப்படிப்பட்ட இடத்துக்கு என் பிள்ளையை வேலைக்கு அனுப்புவதா என்று ஒரு தாய் கேட்டால், அந்தக் கேள்வியில் தவறு இல்லை.

என் பதில் இதுதான். அமைச்சர் வந்த அந்த நாளில் வாசலில் பொறுப்பாக நின்ற அதிகாரிக்கு, "உள்ளே விட முடியாது, சேர்" என்று சொல்லும் துணிச்சலும், சொன்ன பிறகு தன்னைக் காப்பாற்றும் சட்டத் தெளிவும் இருந்திருக்க வேண்டும். உள்ளே இருந்த அந்தக் கைதிகளின் மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் அந்தப் படியில் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நாம் யோசிக்க வேண்டும். நாம் ஒதுங்கி நிற்பதால் சிறை மாறப்போவதில்லை.

சம்பளக் கணக்கு சொல்லும் உண்மை

இனி வீட்டுக் கணக்குக்கு வருவோம். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபாயிலிருந்து, அரசாங்கம் தரும் 200 ரூபாய் வரவுக் கொடுப்பனவோடு சேர்த்து, 1,750 ரூபாயாகும் என்று 2026 வரவு செலவுத் திட்டம் சொன்னது. 25 நாள் முழுப் பேர் கிடைத்தால் 43,750 ரூபாய். அரச சேவையின் மிகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாயிலிருந்து 40,000 ரூபாயாக, 2027 ஜனவரி வரை கட்டம் கட்டமாக உயர்த்தப்படுகிறது.

இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "வித்தியாசமே இல்லையே" என்று சொல்லிவிடலாம். மாதத்தில் 25 நாள் வேலை எல்லாத் தோட்டத்திலும் கிடைப்பதில்லை, கொழுந்து கிலோ குறைந்தால் அரைப் பேர்தான் என்பது ஒரு பக்கம். அதைவிட முக்கியமான வித்தியாசம் காலம். இருபது வயதில் கொழுந்து பறிக்கத் தொடங்கும் பெண் ஐம்பது வயதிலும் அதே நாட்சம்பளத்தைத்தான் வாங்குகிறாள். அரச உத்தியோகத்தில் வருடாந்தச் சம்பள ஏற்றம் உண்டு, தரம் உயரும், பதவி உயரும். ஆக, அரச வேலையின் பயன் அது தரும் முதல் மாதச் சம்பளத்தில் இல்லை. மேலே ஏறினால்தான் பயன்.

அந்தக் காரணத்தால்தான், "நூறு பேருக்கு சிறைக்காவலர் வேலை வாங்கிக் கொடுத்தோம்" என்று நாளை ஒரு தலைவர் மேடையில் சொன்னால் நான் அதை அரைவாசி வேலை என்றே எண்ணுவேன். அந்த நூறு பேரில் எத்தனை பேர் பத்து, பதினைந்து வருடத்தில் ஜெயிலராக நிற்கப் போகிறார்கள் என்பதை அவரிடம் அப்போதே கேட்க வேண்டும்.

ஏறும் வழியும் ஏறவிடாத வழியும்

மேலே போக இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, காவலராகச் சேர்ந்து உள்ளிருந்தே ஏறுவது. சேவைக்காலம், வினைத்திறன் தடைதாண்டல் பரீட்சை, மட்டுப்படுத்தப்பட்ட போட்டிப் பரீட்சை, நேர்முகம் என்று ஒவ்வொன்றாகக் கடக்க வேண்டும். இன்னொன்று, உயர்தரம் சித்தியடைந்தவர்களும் பட்டதாரிகளும் ஜெயிலர், உதவி அத்தியட்சகர் பதவிகளுக்குத் திறந்த போட்டிப் பரீட்சை எழுதி நேரடியாக நடுப்படியில் சேர்வது. இந்த இரண்டாவது வழி இருப்பதே நம் உயர்தர மாணவர்களில் பலருக்குத் தெரியாது. பட்டம் முடித்துவிட்டு ஆசிரியர் நியமனத்துக்காக வருடக்கணக்கில் காத்திருக்கும் பிள்ளைகளுக்கும் தெரியாது.

தடைகளில் பெரியது மொழி. நம் இளைஞர்களுக்குச் சிங்களம் பேசத் தெரியும். மரக்கறி லொறியில் கரட்டும் லீக்ஸும் ஏற்றி இறக்கிப் பழகியவர்கள், கொழும்பில் கடையிலும் செக்கியூரிட்டி வேலையிலும் இருந்தவர்கள் அவர்கள். ஆனால் பேசுவது வேறு, அலுவலகச் சிங்களத்தில் ஒரு சம்பவ அறிக்கை எழுதுவது வேறு. காவலராக இருக்கும்வரை பேச்சு போதும். சார்ஜன்டான நாளிலிருந்து எழுத வேண்டும். திணைக்களத்தின் அன்றாட வேலை பெரும்பாலும் சிங்களத்தில் நடப்பதால், எழுத்து வராதவர் அந்தப் படியிலேயே தங்கிவிடுவார். கெட்டிக்காரத்தனம் குறைந்ததால் அல்ல, ஒரு பேனா குறைந்ததால்.

அதே தடை மறுபக்கமும் இருக்க வேண்டும். 2007 ஜூலைக்குப் பிறகு அரச சேவையில் சேர்ந்த எவரும் ஐந்து வருடத்துக்குள் மற்ற அரசகரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்று சுற்றறிக்கை இருக்கிறது. அதாவது சிங்கள ஜெயிலருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும். பரீட்சையில் சித்தி பெறுவது நடக்கிறது. வார்ட்டுக்குள் ஒரு கைதி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தமிழில் சொல்வதைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு அது போவதில்லை.

2012 கணக்கெடுப்பின்படி நுவரெலியா மாவட்டத்து மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் மலையகத் தமிழர்கள். இங்கே வழக்கில் சிக்குகிறவர்கள் பதுளைக்கோ பல்லேகலைக்கோ போக நேர்கிறது. 1876இல் கட்டப்பட்ட போகம்பறைச் சிறையை 2014 தொடக்கத்தில் மூடி, பல்லேகலைக்குக் கொண்டுபோனார்கள். மதில் புதிது, கட்டடம் புதிது. கந்தப்பளையிலிருந்து விடியக்காலை பஸ் ஏறி, நுவரெலியாவில் மாறி, கண்டியில் மாறி, மகனைப் பார்க்க அங்கே போய் நிற்கும் தாயிடம் தமிழில் பேச ஆள் இருக்கிறதா என்பதுதான் எனக்குள்ள கேள்வி.

2015இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. சிறைப் பணிப்பாளரும் பெரும்பான்மை ஊழியர்களும் கைதிகளில் பெரும்பாலோருக்குப் புரியும் மொழியைப் பேச வேண்டும். மற்றவர்களுக்குத் தேவையான நேரத்திலெல்லாம் மொழிபெயர்ப்பாளர் இருக்க வேண்டும். அந்த வேலைக்கு இன்னொரு கைதியைக் கூப்பிட்டு நிறுத்தினால், முறைப்பாடு செய்ய வந்தவன் வாயைத் திறக்கமாட்டான். முறைப்பாடே அந்த இன்னொரு கைதியைப் பற்றியதாக இருக்கலாம்.

அனுப்புவதற்கு முன் சொல்ல வேண்டியவை

இந்தத் தொழிலை நான் பூசி மெழுகிச் சொல்லப் போவதில்லை. இரவுக் கடமை, வீட்டைவிட்டுத் தூரம், தீபாவளிக்கு லீவு கிடைக்குமா என்ற நிச்சயமின்மை எல்லாம் உண்டு. ஆள் பற்றாக்குறையால் ஒருவர் இரண்டு பேரின் வேலையைப் பார்க்க வேண்டியிருக்கும். பணத்தாசை காட்டுகிறவர்கள் வாசலிலேயே காத்திருப்பார்கள். போதைப்பொருள் வலையமைப்புகள் ஒரு புதிய காவலரின் கடனையும் தங்கையின் கல்யாணத்தையும் அறிந்து வைத்திருக்கும்.

மேலே போகப் போகச் சட்டப் பொறுப்பும் கூடும். 2012 நவம்பர் 9ஆம் திகதி வெலிக்கடையில் நடந்த கலவரத்தில் 27 கைதிகள் இறந்தார்கள். அந்த மரணங்கள் தொடர்பான வழக்கில் 2022 ஜனவரியில் சிறைச்சாலைகள் திணைக்களத்தின் முன்னாள் ஆணையாளர் ஒருவருக்குக் கொழும்பு மேல் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. "மேலிடத்து உத்தரவு" என்று கைகழுவ முடியாத தொழில் இது. சட்டத்துக்கு மாறான உத்தரவை மறுப்பது எப்படி, மறுத்ததை எங்கே எழுதிவைப்பது என்பதைப் பயிற்சிக் காலத்திலேயே ஒவ்வொரு மேற்பார்வையாளருக்கும் கற்பிக்க வேண்டும்.

பயிற்சியைப் பற்றிப் பேசினால் நோர்வேயைச் சொல்லாமல் இருக்க முடியாது. அங்கே ஒரு சாதாரணச் சிறை அதிகாரியே இரண்டு வருடம், சம்பளத்துடன், சட்டமும் உளவியலும் அறநெறியும் படித்துவிட்டுத்தான் வேலைக்கு வருகிறார். அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், வேலூரில் 1979 முதல் சிறை நிர்வாகத்துக்கென்று தனி அகாதமி இயங்குகிறது. தமிழ்நாட்டோடு மற்றத் தென் மாநிலங்களின் அதிகாரிகளும் அங்கே பயிற்சி பெறுகிறார்கள். தமிழ்நாட்டில் உதவி ஜெயிலர் பதவிக்குத் தேர்வாணையம் தனியாகப் பரீட்சை வைக்கிறது. இளைஞர்கள் அதற்கென்றே வகுப்புக்குப் போய்ப் படிக்கிறார்கள். கொழும்பிலுள்ள நம் திணைக்களத்தின் ஆராய்ச்சி, பயிற்சி நிலையம் அவர்களோடு கைகோர்த்து, தமிழில் நடக்கும் மேற்பார்வைப் பயிற்சியைப் பெற்றுக்கொள்ள என்ன தடை இருக்கிறது?

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. பெண் கைதிகளைப் பெண் ஊழியர்களே மேற்பார்வை செய்ய வேண்டும் என்பது உலக விதி. அதனால் பெண் காவலர் வேண்டும், பெண் ஜெயிலர் வேண்டும், அவர்கள் பெண்கள் பகுதிக்கு வெளியிலும் உயர்ந்து போக வழி வேண்டும். மலையில் முப்பது பெண்களை வரிசை பிடிக்க வைத்து வேலை வாங்கும் பொறுப்பு இன்றுவரை பெரும்பாலும் ஆண் கங்காணியின் கையில்தான் இருக்கிறது. நம் மகள்களுக்கு மேற்பார்வைப் பதவி தோட்டத்துக்கு உள்ளே கிடைக்காததால், வெளியிலாவது கிடைக்கட்டும்.

செய்ய வேண்டியது

திணைக்களமும் அரசாங்க சேவை ஆணைக்குழுவும் முதலில் ஒரு கணக்கை வெளியிட வேண்டும். சார்ஜன்ட் முதல் அத்தியட்சகர் வரை ஒவ்வொரு படியிலும் எத்தனை வெற்றிடம், தமிழில் எழுதப் பேசத் தெரிந்தவர்கள் எத்தனை பேர், ஒருவர் ஒரு படியில் சராசரியாக எத்தனை வருடம் தேங்கி நிற்கிறார் என்ற கணக்கு. பதவி உயர்வுப் பரீட்சைகளைத் தள்ளிப்போடாமல், வருடத்தில் இன்ன மாதம் என்று குறித்து நடத்த வேண்டும். பரீட்சை எப்போது வரும் என்றே தெரியாத காவலர் படிப்பதை நிறுத்திவிடுவார். பிறகு அவரை வேறு ஆசைகள் பிடித்துக்கொள்ளும்.

பதுளை, பல்லேகலை, தல்தென போன்ற மலைநாட்டை அண்டிய சிறைகளில் ஒவ்வொரு கடமை முறையிலும் தமிழ் தெரிந்த ஒரு மேற்பார்வையாளராவது இருக்க வேண்டும் என்று எழுத்தில் உத்தரவு வேண்டும். நுவரெலியா மாவட்டப் பிரதேச செயலகங்களை இருமொழிப் பிரிவுகளாக 1999இல் பிரகடனப்படுத்தியவர்கள், அங்கிருந்து போகும் மனிதரின் மொழி சிறை வாசலோடு முடிந்துவிடுவதில்லை என்பதையும் ஏற்க வேண்டும்.

தொழிற்சங்கங்களுக்கும் மலையக நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சிபாரிசுக் கடிதம் கொடுப்பதை விட்டுவிட்டு, கந்தப்பளை, இராகலை, ஹற்றன், தலவாக்கலை நகரங்களில் எழுத்துச் சிங்கள வகுப்பைத் தொடங்குங்கள். வாரத்தில் இரண்டு மாலை போதும். அகலவத்தையில் இருக்கும் தேசிய மொழிக் கல்வி, பயிற்சி நிறுவகத்திடம் வளவாளர்களைக் கேட்கலாம். அறிக்கை எழுதுவது, கடிதச் சுருக்கம், பதிவேடு நிரப்புவது என்று உத்தியோகத்துக்கு வேண்டிய சிங்களத்தையே கற்பிக்க வேண்டும். மாட்டு வண்டியைப் பற்றிப் பள்ளிக்கூடக் கட்டுரை எழுதப் பழக்குவதால் சார்ஜன்ட் ஆக முடியாது.

பாடசாலைகளில் தொழில் வழிகாட்டல் ஆசிரியர்கள், சிறைச்சாலைகள் திணைக்களத்தோடு, அதற்குப் பக்கத்திலிருக்கும் இரண்டு கதவுகளையும் காட்ட வேண்டும்: நன்னடத்தைப் பாதுகாப்புச் சேவை, 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த சமுதாயஞ்சார் சீர்திருத்தத் திணைக்களம். தண்டப்பணம் கட்ட முடியாதவரைச் சிறைக்கு அனுப்பாமல் ஊரிலேயே வேலை செய்ய வைக்கும் ஏற்பாட்டில், அந்த ஊரின் மொழியும் வாழ்க்கையும் தெரிந்த அதிகாரிக்கு அதிக வேலை இருக்கிறது.

உடற்தகுதிக்கும் தயாராக வேண்டும். உயரம், மார்பளவு, பார்வை ஆகிய நிபந்தனைகளை விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முந்தின நாள் பார்த்துவிட்டு ஏமாந்து திரும்பியவர்களை நான் கண்டிருக்கிறேன். சிறு வயதுச் சத்துக்குறைவு உயரத்தில் தெரிகிறது என்பது நம் தோட்டங்களின் பழைய துயரம். அந்த நிபந்தனைகள் மேசையில் இருந்து செய்யும் ஜெயிலர் வேலைக்கும் அப்படியே தேவையா என்று ஆணைக்குழு திரும்பப் பார்க்க வேண்டும்.

இனித் தோட்டத்துக்குள்ளேயே செய்யக்கூடிய ஒன்று. வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வருகிறது. வெற்றிடங்களும் பரீட்சைகளும் அதன் முதலாம் பகுதி, இரண்டாம் அ பிரிவில் இருக்கும், தமிழிலும் இருக்கும். ஒவ்வொரு தோட்டத்திலும் உயர்தரம் படித்த ஒரு பிள்ளை அதைக் கைபேசியில் பார்த்து, பதவியின் பெயர், வேண்டிய தகைமை, முடிவுத் திகதி ஆகிய மூன்றை மட்டும் ஒரு தாளில் எழுதி, சனிக்கிழமை காலைப் பெரட்டுக்கு முன்னால் பெரட்டுக்களத்துச் சுவரில் ஒட்டிவிடலாம். வாசிக்கத் தெரியாத தாய் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுக்கொண்டு போய், மாலையில் மகளிடம் சொல்வாள்.